காலில் தெரியும், முதுகில் இருக்கும்: நாய், பூனைகளின் ஆழத் தொற்றுகள்

நேற்றுவரை மாடிப்படியைத் தாவி ஏறிய நாய் இன்று முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. பின்காலை லேசாக இழுக்கிறது, தட்டில் பாதியை மிச்சம் வைக்கிறது. சுளுக்கு என்று நினைத்து வலி மருந்து கொடுத்தால் இரண்டு நாள் தெளிச்சியாக இருக்கும். எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாது. ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் போட்டால் பழையபடி ஓடும். நிறுத்திய சில நாளில் மறுபடி அதே படியில் நிற்கும். பெரிய ரக, நடுவயது நாயிடம் இந்த ஏற்ற இறக்கம் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது முதுகெலும்பு வட்டுத் தொற்று, அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டில் வரும் தொற்று. இதைக் காலில் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

எலும்பு, மூட்டு, இதய வால்வு, மூளை எல்லாமே கண்ணுக்குத் தெரியாத இடங்கள். அங்கே தங்கும் கிருமி பெரும்பாலும் வேறெங்கிருந்தோ ரத்தத்தில் மிதந்து வந்ததாக இருக்கும்: சிறுநீர்ப்பை, தோல் புண், கடிகாயம். வந்து தங்கிய இடத்தில் மருந்து போய்ச் சேருவதும் சிரமம். இந்தத் தொற்றுகள் ஏன் தாமதமாகப் பிடிபடுகின்றன, சிகிச்சை ஏன் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் நீள்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது. வலி போய்விட்டது என்பதற்கும் கிருமி போய்விட்டது என்பதற்கும் இடையே சில மாதங்கள்கூட இருக்கலாம்.

வட்டும் எலும்பும்

வளர்ந்த நாயின் முதுகெலும்பு வட்டுக்குச் சொந்த ரத்தக்குழாய் கிடையாது. பக்கத்து எலும்பின் முனைத்தட்டில் உள்ள நுண்குழாய்களிலிருந்து சத்து ஊறி வந்தால்தான் உண்டு. அந்தக் குழாய்களில் ரத்தம் மெதுவாகச் சுற்றிவருவதால் மிதந்து வரும் கிருமி அங்கே ஒதுங்குகிறது. முனைத்தட்டை அரித்துவிட்டு வட்டுக்குள் இறங்குகிறது. அடிக்கடி பாதிக்கப்படுவது இடுப்பின் கடைசி முள்ளெலும்புக்கும், அதை அடுத்து வாலுக்கு முன் உள்ள திரிக எலும்புக்கும் நடுவில் உள்ள வட்டு. மார்பு நடுப்பகுதியிலும் வரும். பெரும்பாலும் காரணம் ஸ்டஃபைலோகாக்கஸ். ஈ.கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், புருசெல்லா கேனிஸ் ஆகியவையும் உண்டு. ஜெர்மன் ஷெப்பர்டு என்றால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையையும் நினைவில் வைக்க வேண்டும். மூச்சோடு உள்ளே போன புல்லின் கூர்முனை நுரையீரலைத் துளைத்து, உதரவிதானம் முதுகெலும்போடு ஒட்டும் இடம் வரை நகர்ந்து, இடுப்பின் மேற்பகுதியில் சீழ் கட்டுவதும் உண்டு. இதில் மருந்து மட்டும் போதாது. புல் உள்ளே இருக்கும்வரை நோய் திரும்பத் திரும்ப வரும்.

பரிசோதனையில் மிகவும் உதவுவது இரண்டு கைகள்தான். நாயை நிற்கவைத்து, ஒரு கையை வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் தோளிலிருந்து வால் வரை ஒவ்வொரு முள்ளாக அழுத்திக்கொண்டே வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் முதுகுத் தசை துடிக்கும், அடியில் இருக்கும் கைக்கு வயிறு பலகைபோல் இறுகுவது தெரியும், நாய் தலையைத் திருப்பிப் பார்க்கும். அங்கே எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். ஆனால் அறிகுறி தொடங்கி 2 முதல் 4 வாரம் கழித்துத்தான் எலும்பு அரிப்பு எக்ஸ்-ரேயில் தெரியவரும். முதல் படம் சுத்தமாக இருப்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே காட்டிவிடும். காய்ச்சலையும் நம்பிக்கொண்டிருக்க முடியாது. நாய்க்கும் பூனைக்கும் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், இந்த நோயில் பல நாய்கள் அதற்குள்ளேயே இருந்துவிடுகின்றன.

மருந்து தொடங்கும் முன்பே ரத்தமும் சிறுநீரும் கிருமி வளர்ப்புச் சோதனைக்குப் போக வேண்டும். நடைமுறையில் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். ‘முதலில் ஒரு ஊசி போட்டுப் பார்ப்போம்’ என்று தொடங்கி, குறையாதபோது மாதிரி எடுத்தால், கிருமி வளராது, எதற்கு எதிராகப் போராடுகிறோம் என்பதே தெரியாமல் போகும். கூடவே புருசெல்லாவுக்கான ரத்தச் சோதனையும் வேண்டும், குறிப்பாகக் கருத்தடை செய்யாத நாய்க்கு. அது மனிதருக்கும் பரவும் கிருமி. சிறுநீரிலும், கருக்கலைந்த திரவத்திலும் நிறைய வெளியேறும். உயிரணுக்களுக்குள் ஒளிந்திருப்பதால் முழுமையாக ஒழிந்தது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் மாதிரிக் குப்பியோடு அதை எழுதி அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் தட்டைத் திறப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சரியான மருந்து என்றால் ஒரு வாரத்துக்குள் வலி குறையத் தொடங்கும். குறையாவிட்டால் மருந்து தவறு, அல்லது கிருமி தவறாகக் கணிக்கப்பட்டிருக்கிறது. குறைந்துவிட்டால் பொறுமைச் சோதனை நாயை வளர்ப்பவருக்கு: பல மாதங்கள், அனேகமாக ஆறு மாதத்துக்குக் குறையாமல், ஒரு வேளை விடாமல் மாத்திரை கொடுக்க வேண்டும். நாய் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் நான்காவது மாதத்தில் மாத்திரைப் பெட்டி அலமாரியில் மறந்துபோவதுதான் நோய் திரும்புவதற்கு வழக்கமான காரணம்.

நேரடி எலும்புத் தொற்று வேறு வழியில் வருகிறது. முறிந்த எலும்பில் பொருத்திய உலோகத் தகட்டின் மேல் கிருமிகள் பசைபோல் ஒரு படலம் பின்னிக்கொள்கின்றன. அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாட்டிக் சரியாக நுழைவதில்லை. எலும்பு கூடும்வரை மருந்தால் அடக்கி வைத்திருந்து, கூடியபின் தகட்டைக் கழற்றினால்தான் சீழ் நிற்கும். ரத்த ஓட்டம் அறுந்து செத்துப்போன எலும்புத் துண்டும் அப்படித்தான். எடுக்காமல் புண் ஆறாது. பூனையிடம் இதற்குச் சமமானது சண்டைக் கடி. பூனையின் கோரைப்பல் ஊசிபோல் ஆழமாக இறங்கும், மேல்தோல் ஒரே நாளில் மூடிக்கொள்ளும், உள்ளே பாஸ்சுரெல்லா என்ற கிருமி விதைக்கப்பட்டிருக்கும். சில நாளில் வீக்கமும் காய்ச்சலும். கடி விரல் எலும்பையோ வாலடியையோ தொட்டிருந்தால் சீழைக் கீறிவிட்ட பின்னும் துளை மூடாமல் கசிந்துகொண்டே இருக்கும்.

மூட்டு நீர் சொல்வது

ஒரே ஒரு மூட்டு வீங்கி, சூடாக, தொட்டால் கத்துகிற அளவு வலித்தால் ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்துப் பார்ப்பதுதான் வழி. நல்ல மூட்டின் நீர் நிறமில்லாமல், விளக்கெண்ணெய்போல் பிசுபிசுப்பாக இருக்கும். ஊசிமுனையில் இருந்து விழும்போது இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நூலாக நீண்டு அறும். கிருமி புகுந்த மூட்டின் நீர் கலங்கி, தண்ணீர்போல் சொட்டுச் சொட்டாக விழும். எண்ணிப் பார்த்தால் நல்ல நீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 3,000க்கும் குறைவான அணுக்கள்தான் இருக்கும், அவற்றில் கிருமியோடு போராடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு மிகக் குறைவு. தொற்றில் 40,000ஐத் தாண்டும், ஏறத்தாழ எல்லாமே நியூட்ரோஃபில். எடுத்த நீரை வெறும் பஞ்சுக்குச்சியில் அனுப்பினால் பல சமயம் எதுவும் வளராது. ரத்த வளர்ப்புக் குப்பியில் செலுத்தி அனுப்பினால் பலன் கூடும்.

பல மூட்டுகள் சேர்ந்தாற்போல் வீங்கியிருந்தால் கதை மாறுகிறது. நாய்களில் அது பெரும்பாலும் உடலின் சொந்த எதிர்ப்புச்சக்தி மூட்டைத் தாக்கும் நோய், அதற்கு ஸ்டீராய்டு. கிருமியுள்ள மூட்டுக்கு ஸ்டீராய்டு போட்டால் தீயில் எண்ணெய் ஊற்றியது மாதிரி. இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரியும் என்பதால்தான் மூட்டு நீரைப் பார்க்காமல் ஸ்டீராய்டில் கைவைக்கக் கூடாது. குட்டிப் பூனைக்குக் காய்ச்சலோடு கால் மாற்றி மாற்றி நொண்டல் வந்தால் கேலிசிவைரஸாக இருக்கலாம். அது சில நாளில் தானே வடிந்துவிடும்.

இதய வால்வு

கால் மாற்றி நொண்டும் பெரிய நாய்க்கு விட்டு விட்டுக் காய்ச்சலும் இருந்து, சென்ற முறை இல்லாத முணுமுணுப்பு இதயத்தில் கேட்டால், வால்வில் கிருமி குடியேறியிருக்கிறது என்று எண்ண வேண்டும். மிட்ரல் வால்வும் பெருந்தமனி வால்வும்தான் பெரும்பாலும் மாட்டுகின்றன. வால்வின் ஓரத்தில் காலிஃபிளவர் போல ஒரு திரட்சி வளரும். அதிலிருந்து பெயரும் துகள்கள் சிறுநீரகத்திலும் மண்ணீரலிலும் மூளையிலும் அடைக்கின்றன. நொண்டலுக்கும் அதுவே காரணம்: துகளும், அதற்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள் கூட்டுகளும் மூட்டில் படிகின்றன. பூனைகளில் இது மிக அரிது. பல் சுத்தம் செய்ததால் நாய்க்கு இது வந்தது என்று பலர் சொல்வதுண்டு. அப்படி ஒரு நேரடித் தொடர்பை ஆய்வுகள் காட்டவில்லை.

எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்டில்) திரட்சி தெரிந்தாலும் ரத்த வளர்ப்புச் சோதனை வேண்டும். அதன் முறை முக்கியம். மூன்று வெவ்வேறு நாளங்களில் இருந்து, அரை மணி முதல் ஒரு மணி நேர இடைவெளியில், பெரிய நாயானால் ஒவ்வொரு முறையும் 10 மில்லி. மயிரை மழித்து, அறுவைக்குத் தேய்ப்பது மாதிரித் தேய்த்து, ஏற்கெனவே போட்டிருக்கும் குழாயில் இருந்து எடுக்காமல் புதிதாகக் குத்தி எடுக்க வேண்டும். ஒரே ஒரு குப்பியில் தோல் கிருமி வளர்ந்தால் அது தோலின் அழுக்காக இருக்கலாம். மூன்றிலும் அதே கிருமி என்றால் சந்தேகம் இல்லை. பார்டோனெல்லா என்ற கிருமி சாதாரண குப்பியில் வளராது. அதற்குத் தனிச் சோதனை. மருந்து முதல் ஒன்றிரண்டு வாரம் நரம்பு வழியாக, பிறகு வாய்வழி, மொத்தம் ஆறு முதல் எட்டு வாரம். பெருந்தமனி வால்வு சிதைந்த நாய்கள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இதை வளர்ப்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுவதே நேர்மை.

உண்ணியும் கொசுவும்

ரத்தத்திலேயே குடியிருப்பவை வேறு ரகம். பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிச்சியா கேனிஸ் வெள்ளணுக்களுக்குள் வாழ்கிறது. கடித்த 8 முதல் 20 நாளில் காய்ச்சல், சோர்வு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் சரிவு. பிறகு மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட, எந்த அறிகுறியும் இல்லாமல் கிடந்துவிட்டு, எலும்பு மஜ்ஜையையே வற்றவைத்துவிடலாம். டாக்ஸிசைக்ளின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், 28 நாள். முதல் இரண்டு மூன்று நாளிலேயே நாய் எழுந்து உட்கார்ந்துவிடும் என்பதால் பத்தாம் நாளில் நிறுத்துபவர்கள் நிறைய. சிகிச்சை முடிந்தபின் எதிர்ப்பொருள் சோதனை செய்து ‘இன்னும் பாசிட்டிவ்’ என்று பயப்பட வேண்டாம். அது பல மாதங்கள் அப்படியே காட்டும். பார்க்க வேண்டியது தட்டணு எண்ணிக்கையை.

சிறுநீர் காபி நிறத்தில் போய், ஈறு வெளுத்திருந்தால் அது பாபீசியா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம், அது சிவப்பணுக்களைத் தகர்க்கிறது. பெரிய ரக பாபீசியாவுக்கு இமிடோகார்ப் ஊசி கிலோவுக்கு 6.6 மில்லிகிராம், 14 நாள் கழித்து மறுபடி. ஆனால் சிறிய ரகமான பாபீசியா கிப்சோனி அதற்குச் சரியாக மசியாது. அதற்கு அடோவகோனும் அஸித்ரோமைசினும் சேர்த்துப் பத்து நாள். அடோவகோனைக் கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் குடலில் ஏறும். எது என்று தெரியாமல் ஊசி போடுவது அநாவசியமாக ஒரு வாரத்தை இழப்பது. கிப்சோனி நாய்ச் சண்டைக் கடியாலும் பரவும். உண்ணியை எடுக்கும்போது தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தால் போதும், எண்ணெயும் நெருப்பும் வேண்டாம்.

கொசு கொண்டுவரும் இதயப்புழு, பேர்தான் அப்படி, பெரும்பாலும் நுரையீரல் தமனிகளில் வாழ்கிறது. பெண் புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளும். நாய்க்குள் புகுந்து முதிர ஆறு மாதம் ஆவதால் அதற்கு முன்பு, புழுவின் புரதத்தை ரத்தத்தில் தேடும் ஆன்டிஜென் சோதனை ‘இல்லை’ என்றே சொல்லும். மாதாந்தர மாத்திரையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: அது வரும் மாதத்துக்கான கவசம் என்று. உண்மையில் போன மாதம் கொசு விட்டுச்சென்ற இளம் புழுக்களைத் துடைத்தெடுக்கிறது. கொசுக்காலம் முடிந்தபிறகும் ஒரு மாத்திரை தேவைப்படுவது இதனால்தான். கால்நடைகளுக்கான ஐவர்மெக்டினைக் குத்துமதிப்பாக அளந்து கொடுப்பது ஆபத்து. கோலி (Collie) ரக நாய்கள் பலவற்றின் மூளைக்குள் அது தடையில்லாமல் நுழைந்து கோமா வரை கொண்டுபோகும்.

முதிர்ந்த புழுவுக்கு முதலில் டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம், பிறகு மெலார்சோமின் ஊசி மூன்று: 60ஆம் நாள் ஒன்று, 90, 91ஆம் நாட்களில் இரண்டு. ஊசியைவிட ஓய்வுதான் கடினமான மருந்து. செத்த புழுத் துண்டுகளை ரத்தம் நுரையீரலின் சிறு குழாய்களுக்குத் தள்ளும். அந்த வாரங்களில் நாய் ஓடினால் ரத்த ஓட்டம் கூடி, அடைப்பும் ரத்த இருமலும் வரும். கடைசி ஊசிக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரம் கயிறு கட்டிய நடை மட்டுமே. பூனையிடம் ஒன்றிரண்டு புழு இருந்தாலே ஆபத்து. முதிராத புழு நுரையீரலைத் தொடும்போதே ஆஸ்துமா மாதிரி இருமலும் இளைப்பும் வரும். பூனைக்கு மெலார்சோமின் கொடுக்கக் கூடாது.

நரம்புக்குள்

டெட்டனஸைத் தெரிந்துகொண்டால் நரம்பு எப்படிக் கட்டுப்படுகிறது என்பதே புரிந்துவிடும். ஆணிக்காயம், ஒடிந்த நகம், குட்டியின் பல் விழுந்த ஈறு இவற்றில் காற்றில்லாத ஆழத்தில் கிருமி வளர்ந்து நஞ்சைச் சுரக்கிறது. நஞ்சு அசைவு நரம்பின் வழியே தண்டுவடம் ஏறி, ‘போதும், தளர்த்து’ என்று தசைக்குச் சொல்லும் நரம்பணுக்களின் வாயை அடைக்கிறது. தளர்த்தும் கட்டளை நின்றால் தசை விறைத்தே நிற்கும். காயத்துக்கு 5 முதல் 10 நாள் கழித்து முகம் மாறும்: இரண்டு காதும் விறைத்து உச்சியில் நெருங்கும், நெற்றி சுருங்கும், உதடு பின்னிழுத்துச் சிரிப்பதுபோல் தோன்றும், கண்ணின் மூன்றாம் இமை வெளியே எட்டிப்பார்க்கும். நாய் மரக்குதிரைபோல் நடக்கும். கதவு படாரென்று சாத்தினால் வலிப்பு போல விறைத்து விழும். பூனை இந்த நஞ்சுக்கு நாயைவிடத் தாங்கும் என்பதால் காயம் பட்ட ஒரு கால் மட்டும் கட்டைபோல் நீட்டி நிற்பதோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

எதிர்நஞ்சு இன்னும் நரம்பைப் பிடிக்காத நஞ்சை மட்டுமே செயலிழக்கச் செய்யும். காயத்தைத் திறந்து சுத்தப்படுத்தி மெட்ரோனிடஸோல் கொடுப்பது மேலும் சுரக்காமல் தடுக்கிறது. ஏற்கெனவே பிடித்தது தானாக விடுபட மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை பராமரிப்புதான் சிகிச்சை: இருட்டறை, காதில் பஞ்சு, மெத்தை, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டல், தலையை உயர்த்தி வைத்துக் கூழாக உணவு. விழுங்க முடியாததை வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். டெட்டனஸில் இறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாய் மூடவே முடியாமல் தாடை தொங்கி எச்சில் வழியும் நாயைப் பார்த்ததும் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று கையை விடுவது பெரிய தவறு. ரேபிஸ் இப்படியும் வரும்; வெறித்துக் கடிப்பது ஒரு வடிவம் மட்டுமே. வைரஸ் காயத்திலிருந்து நரம்பு வழியே மூளைக்கு ஏறி, அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. எச்சிலில் வைரஸ் வந்துவிட்ட நாயோ பூனையோ 10 நாளுக்குள் நோய்வாய்ப்பட்டு இறந்துவிடும்; 10 நாள் கண்காணிப்பு இதை வைத்துத்தான். கடிபட்டவர் அந்த நாட்களைக் காத்திருந்து கழிக்கக் கூடாது. காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் தடுப்பூசிக்குப் போக வேண்டும். விலங்கில் உறுதி செய்ய இறந்தபின் மூளைத் திசுதான் தேவை. உயிரோடிருக்கும் நாய்க்கு நம்பத்தக்க சோதனை இல்லை.

நாய்களின் வைரஸ் நோயான டிஸ்டெம்பர் ஏமாற்றும். சளியும் கழிச்சலும் தேறி, குட்டி பிழைத்துவிட்டது என்று நிம்மதியடைந்தபின், சில வாரம் கழித்து ஒரு கால் அல்லது தாடை கடிகாரம் மாதிரி ஒரே தாளத்தில் துடிக்கத் தொடங்கும். தூக்கத்திலும் நிற்காது. வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. துடிப்பு மட்டும் இருந்தால் நாய் அதோடு வாழ்ந்துவிடும். வலிப்பு கூடிக்கொண்டே போனால் முடிவு வேறு. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை தொடர் தடுப்பூசி போடுவது, தாயின் எதிர்ப்பொருள் எப்போது வடியும் என்று தெரியாததால்தான்.

ஒரே ஈற்றுக் குட்டிகளில் ஒன்றிரண்டுக்குப் பின்கால் தடிபோல் நீட்டிக்கொண்டு மடங்காமல் போனால் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். தாயிடமிருந்து வருவது. கிளிண்டாமைசின் உதவும், ஆனால் மூட்டு இறுகும் முன் தொடங்க வேண்டும். இறுகிவிட்ட கால் திரும்பாது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண்மணி ஆடும் நாய்க்கோ பூனைக்கோ முதலில் காதுக்குள் பார்க்க வேண்டும். நடுக்காதுச் சீழ் உள்காதுக்கும், அங்கிருந்து மூளைக்கும் ஏறும். செவிப்பறை கிழிந்திருக்கும்போது ஜென்டாமைசின் சொட்டு ஊற்றினால் கேட்கும் திறனே போகலாம்.

இளம் பூனை தள்ளாடி, கண்ணின் நிறம் மங்கி, எடை குறைந்தால் எஃப்.ஐ.பி. (பூனைகளின் தொற்று வயிற்றுறை அழற்சி) நினைவுக்கு வர வேண்டும். குடலில் பரவலாக இருக்கும் கொரோனாவைரஸ் உடலுக்குள்ளேயே மாறி உருவாகும் நோய் இது. ஒரு காலத்தில் மரண தண்டனை. ஜி.எஸ்.-441524 மருந்து கொடுத்த பூனைகளின் முடிவுகள் 2019இல் வெளியானதிலிருந்து நிலைமை தலைகீழாக மாறியது. வழக்கமான காலம் 84 நாள். மருந்து மூளைக்குள் குறைவாகவே கடப்பதால் நரம்பு வடிவத்துக்கு அளவைக் கூட்ட வேண்டும். தேறும் பூனை எடை போடும். வாரம் ஒரு முறை எடைபோட்டு அளவைத் திருத்தாவிட்டால் ஐந்தாம் வாரத்தில் கொடுப்பது பற்றாக்குறை மருந்தாகிவிடும்.

மருந்தே நோயாகும் இடங்கள்

பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தால் அதுவே கொல்லும். நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணிச் சொட்டைப் பூனைக்குப் போட்டால் வரும் நடுக்கத்தை மூளைத் தொற்று என்று தவறாக எண்ணுவதுண்டு. என்ரோஃப்ளோக்சாசின் பூனைக்கு நாளொன்றுக்கு கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் பார்வை பறிபோகலாம். மெட்ரோனிடஸோல் அளவு கூடினால் தலை சாயும், தள்ளாட்டம் வரும். நோய் முற்றுகிறது என்று இன்னும் கூட்டினால் விபரீதம். டாக்ஸிசைக்ளின் மாத்திரையைப் பூனைக்கு வறட்டுத் தொண்டையில் போட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கி, அங்கே தழும்பு இறுகி, பூனை எதை விழுங்கினாலும் வெளியே வரும். மாத்திரை உள்ளே போனதும் சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் மெதுவாகக் கொடுத்துவிட வேண்டும்.